இருபது வருஷம் முதலிடத்தில் இருந்தாலும் எட்டுவது கஷ்டம்! 1,360 கோல் கதை தெரியுமா?

கால்பந்து என்றதும் மெஸ்ஸி, ரொனால்டோ என்று மனசு ஓடுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். இது வேறு கால்பந்து. இதில் பந்தே உருண்டை கிடையாது! கோல்கீப்பர் கிடையாது, ஆஃப்சைடு கிடையாது, வலை கிடையாது. பந்தைக் கையில் பிடிக்கலாம், பிடித்துக்கொண்டே ஓடலாம், அடுத்தவர் தோள்மீது முழங்காலை ஊன்றி எம்பிக் குதித்துக்கூடப் பிடிக்கலாம். கோல் போட்டால் ஆறு பாயின்ட். குறி தப்பிப் பக்கத்துக் கம்பத்துக்குள் போனாலும் 'பரவாயில்லை, வைத்துக்கொள்' என்று ஒரு பாயின்ட் தருவார்கள். உலகத்தில் வேறெந்த விளையாட்டில் தவறவிட்டதற்குச் சம்பளம் தருகிறார்கள், சொல்லுங்கள்?

ஆஸ்திரேலியக் கால்பந்து. அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஃபுட்டி' என்பார்கள். மெல்பர்னில் பிள்ளையோ பேத்தியோ இருக்கிற வீடுகளில் இந்த வார்த்தை ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும்.

இதில் ஒரு சாதனை இருக்கிறது. 1,360 கோல். சொந்தக்காரர் டோனி லாக்கெட். இப்போது ஆடுகிறவர்களில் யாராவது இதை முறியடிப்பார்களா என்பது அங்கே அடிக்கடி கிளம்புகிற விவாதம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் வழியில் கிடைத்த விஷயங்கள் இருக்கின்றனவே, அடேங்கப்பா!

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஒரு கிரிக்கெட் வீரர் என்பது தெரியுமா? பெயர் டாம் வில்ஸ். குளிர்காலத்தில் கிரிக்கெட் இல்லாமல் வீரர்களின் உடம்பு துருப்பிடித்துப் போகிறது, அவர்களைச் சுறுசுறுப்பாக வைக்க ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும் என்று 1858-இல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருஷமே விதிகள் எழுதப்பட்டுவிட்டன. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் தன் விதிகளை எழுதியதற்கு நான்கு வருஷம் முன்னால்! நாம் டெஸ்ட் மேட்ச் பார்க்கிற மெல்பர்ன் எம்.சி.ஜி., சிட்னி எஸ்.சி.ஜி. எல்லாம் குளிர்காலத்தில் ஃபுட்டி மைதானங்கள்தாம். மைதானம் ஏன் செவ்வகமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருக்கிறது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

சரி, ஒரு கோல் எப்படி விழுகிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். 15 மீட்டருக்கு மேல் உதைக்கப்பட்ட பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அது 'மார்க்'. பிடித்தவரை அதற்குமேல் யாரும் தொடக் கூடாது. கோலுக்கு அருகில் பிடித்தாரா, அவருக்கு 30 விநாடி. பகல் ஆட்டம் என்றால் சிவப்புப் பந்து, இரவென்றால் மஞ்சள். 'ஷெரின்' என்ற கம்பெனிப் பெயரே பந்துக்கும் பெயராகிவிட்டது, நம்மூரில் ஜெராக்ஸ் மாதிரி. பந்தைப் பிடித்தவர் காலுறையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். பந்தின் தையலை விரலால் தடவிப் பார்க்கிறார். எதிரே 6.4 மீட்டர் இடைவெளியில் இரண்டு உயரமான கம்பங்கள். கம்பத்துக்குப் பின்னால் எதிரணி ரசிகர்கள் கையை ஆட்டி, கத்தி, கண்ணைக் குழப்புகிறார்கள். எட்டு, பத்து தப்படி ஓட்டம். பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையைத் தொடும் முன் உதை. பந்து தலைகீழாகச் சுழன்றபடி போகிறது. கோல் நடுவர் கம்பத்துக்கு நடுவே அசையாமல் நிற்கிறார். இரண்டு ஆள்காட்டி விரலையும் முன்னே நீட்டினால் கோல்! உடனே இரண்டு வெள்ளைக் கொடிகளை எடுத்து வீசுவார். ஒரே விரல், ஒரே கொடி என்றால் அந்த ஆறுதல் பாயின்ட்.

இதை 1,360 தடவை செய்தவர்தான் லாக்கெட். 281 ஆட்டத்தில்! ஆட்டத்துக்குச் சராசரி 4.8. பாலராட் ஊர்க்காரர். செயின்ட் கில்டா அணிக்கு 898, பிறகு சிட்னி ஸ்வான்ஸுக்கு 462. ஒரு சீசனில் 100 கோல் என்பது இந்த ஆட்டத்தில் மலையுச்சி. அதை ஆறு தடவை ஏறியிருக்கிறார். 1991-இல் காயத்தால் பல ஆட்டங்கள் போனபிறகும் 17 ஆட்டத்தில் 127 கோல். 1995-இல் ஃபிட்ஸ்ராய் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 16. நூறு கிலோவைத் தாண்டிய உடம்போடு அவர் ஓடி வந்தால் தடுப்பாளர்கள் மனசுக்குள் குலதெய்வத்தைக் கும்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அவரைக் கேலி செய்ய ஒரு பன்றியை மைதானத்துக்குள் விட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 1993, சிட்னி மைதானம், செயின்ட் கில்டாவுக்கு எதிராகச் சிட்னி அணியின் ஆட்டம். நடுவில் நிஜப் பன்றி ஒன்று ஓடுகிறது. உடம்பில் லாக்கெட்டின் நம்பர் 4! வீரர்கள் விரட்டிப் பிடிக்கப் படாதபாடு பட்டார்கள். இரண்டே வருஷத்தில் அதே சிட்னி அணி அதே லாக்கெட்டைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. பன்றியை விட்டவர் அப்போது என்ன முகத்தோடு கைதட்டினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

இன்னொன்று. இத்தனை கோல் போட்ட மனிதரின் வாழ்க்கையில் ஜனங்கள் இன்றைக்கும் பேசுகிற உதை எது தெரியுமா? கோலே இல்லை! 1996 அரையிறுதி போன்ற ஆட்டம், எஸ்ஸெண்டன் எதிரணி. இரண்டு பக்கமும் சமம். பந்து லாக்கெட் கையில், தொலைவோ 50 மீட்டருக்கு மேல். தொடையிடுக்கு வலியோடு ஆடிக்கொண்டிருந்தவர். ஆட்டம் முடிந்த சைரன் ஊதியாகிவிட்டது; ஆனால் கையில் இருக்கிற பந்தை உதைக்க விதியில் இடம் உண்டு. உதைத்தார். கோலுக்குப் பக்கத்தில் விழுந்து ஒரே ஒரு ஆறுதல் பாயின்ட். 70–69. சிட்னி இறுதிப் போட்டிக்குப் போனது! தவறவிட்டதற்குத் தரும் சம்பளம் என்று ஆரம்பத்தில் சிரித்தோமே, அந்தச் சம்பளம்தான். இறுதியில் நார்த் மெல்பர்னிடம் தோற்றார்கள். 1,360 கோல் போட்டவர் கடைசிவரை ஒரு சாம்பியன் பட்டம்கூட வாங்கவில்லை.

லாக்கெட் முறியடித்தது யாருடைய சாதனையை? கார்டன் கவென்ட்ரி. காலிங்வுட் அணி, 1920 முதல் 1937 வரை, 1,299 கோல். ஒரு சீசனில் முதன்முதலாக நூறைத் தாண்டியவரும் அவரே, 1929-இல். அண்ணன் சிட் கவென்ட்ரிதான் அணித் தலைவர். பொறுமைக்குப் பேர்போன மனிதர். 1936-இல் கழுத்தில் வலிக்கும் கட்டிகளோடு ஆடிக்கொண்டிருந்தார். எதிரணிக்காரரின் கை அந்தக் கட்டிமேலேயே திரும்பத் திரும்ப விழ, ஒரு கட்டத்தில் திருப்பி அடித்துவிட்டார். எட்டு ஆட்டத் தடை! இறுதிப் போட்டியும் அதில் போய்விட்டது. அடுத்த வருஷம் வந்து ஆடி, கணக்கை முடித்துக்கொண்டு விலகினார்.

அந்த 1,299 எத்தனை வருஷம் நின்றது? 62 வருஷம்! 1999 ஜூன் 6, சிட்னி மைதானம். லாக்கெட் 1,300-ஆவது கோலை உதைத்தார். எதிரே நின்ற அணி எது என்று நினைக்கிறீர்கள்? காலிங்வுட். கவென்ட்ரியின் காலிங்வுட்டேதான்! கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. சினிமாவில் இப்படி வைத்தால் 'ரொம்ப ஓவர்' என்போம்.

பாப் பிராட் கதை தெரியுமா? 1934-இல் ஒரே சீசனில் 150 கோல். அடுத்த வருஷம் அவருடைய சவுத் மெல்பர்ன் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் டிராமிலிருந்து இறங்கியவர்மேல் செங்கல் ஏற்றி வந்த லாரி இடித்துவிட்டது! பிராட் ஆட முடியவில்லை. சவுத் மெல்பர்ன் தோற்றது. ஜெயித்தது கவென்ட்ரியின் அணி.

அந்த 150-ஐ 37 வருஷம் கழித்துப் பீட்டர் ஹட்சன் 1971-இல் தொட்டார். சமன் செய்ததோ இறுதிப் போட்டியில். இன்னும் ஒன்றே ஒன்று போட்டால் புதுச் சாதனை. வாய்ப்புகளும் வந்தன. எல்லாம் தப்பின! இன்றுவரை 150 என்பது இரண்டு பேர் பெயரில் சேர்ந்தே நிற்கிறது. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் இடைவேளைக்குள் எட்டுக் கோல் போட்டு, அதே ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது ஹட்சனுக்கு. அவருடைய மொத்தக் கணக்கு 129 ஆட்டத்தில் 727. சராசரி 5.6. லாக்கெட்டையே மிஞ்சிய வேகம். முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால் நாம் இன்று வேறொரு எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம் என்பது என் கட்சி.

முழங்கால் என்றதும் ஜான் கோல்மனைச் சொல்லாமல் விடக் கூடாது. 1949-இல் முதல் ஆட்டத்திலேயே 12 கோல். 98 ஆட்டத்தில் 537. 25 வயசில் முழங்கால் மூட்டு விலகி ஆட்டமே முடிந்தது. இன்றைக்கு லீக்கில் அதிகக் கோல் போடுகிறவருக்குத் தரும் பதக்கம் அவர் பெயரில்தான்: கோல்மன் மெடல்.

ஒரே ஆட்டத்தில் அதிகக் கோல்? 18. ஃபிரெட் ஃபேனிங், மெல்பர்ன் அணி, 1947. அந்தச் சாதனை அவருடைய கடைசி லீக் ஆட்டம்! 'இவ்வளவு நன்றாக ஆடிவிட்டு ஏன் போனார்?' நியாயமான கேள்வி. ஹாமில்டன் என்ற உள்ளூர் டவுன் அணி கூடுதல் சம்பளம் தருவதாகக் கூப்பிட்டது, போய்விட்டார். சாதனை சோறு போடாது என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் மெல்பர்ன்காரர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். 1,360 என்பது விக்டோரியா மாநில லீக்காகத் தொடங்கி, பிறகு நாடு தழுவியதாக வளர்ந்த ஏ.எஃப்.எல். கணக்கு. தெற்கு ஆஸ்திரேலிய லீக்கில் நார்த் அடிலெய்டு அணிக்கு ஆடிய கென் ஃபார்மர் போட்டது எவ்வளவு தெரியுமா? 224 ஆட்டத்தில் 1,417! 1930 முதல் 1940 வரை தொடர்ந்து பதினொரு சீசன், ஒவ்வொன்றிலும் நூறுக்கு மேல். அடிலெய்டு பக்கம் போய் லாக்கெட்தான் உலகத்திலேயே பெரியவர் என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1,000 கோல் தாண்டியவர்கள் ஏ.எஃப்.எல். வரலாற்றில் மொத்தமே ஆறு பேர். லாக்கெட், கவென்ட்ரி, ஜேசன் டன்ஸ்டல், டக் வேட், கேரி ஆப்லெட் சீனியர். ஆறாவது ஆள் லான்ஸ் ஃபிராங்க்ளின். எல்லோரும் கூப்பிடுவது 'பட்டி' என்று. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக்கெல்லாம் சம்பந்தமில்லை; நண்பா என்று அர்த்தம். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கர் பழங்குடியைச் சேர்ந்தவர். இடதுகால்காரர். நேராக ஓடி வந்து உதைக்கத் தெரியாது அவருக்கு. அரிவாள் வளைவு மாதிரி இடப்பக்கம் வளைந்து வந்துதான் உதைப்பார்.

2022 மார்ச் 25, வெள்ளிக்கிழமை இரவு, சிட்னி மைதானம், ஜீலாங் எதிரணி. பட்டிக்கு அது 1,000-ஆவது கோல். பந்து கம்பத்தைத் தாண்டியதுதான் தாமதம், நாலாப் பக்கமிருந்தும் ஜனங்கள் கொட்டினார்கள். குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், செல்போனை உயர்த்திப் பிடித்தவர்கள், எதிரணிச் சட்டை போட்டவர்கள்கூட. புல் தெரியவில்லை. திருவிழாவில் தேர் நிலைக்கு வரும்போது இருக்குமே, அப்படி. அரை மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் நின்றது. 1999-க்குப் பிறகு அந்த மைதானம் அப்படி ஒரு காட்சியைப் பார்த்திருக்காது.

ஒரே சீசனில் 100 கோல் போட்ட கடைசி ஆளும் இதே பட்டிதான், 2008-இல். அந்த நூறாவது கோல் விழுந்த ஆட்டத்தில் எதிரணியில் இன்னொருவர் இருந்தார்: கார்ல்டன் அணியின் பிரெண்டன் ஃபெவோலா. அவரும் நூறை நெருங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆட்டம் முடியும்போது ஃபெவோலாவின் கணக்கு எவ்வளவு? 99! கார்ல்டன் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. 99-லேயே சீசன் முடிந்தது. ஐயோ பாவம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

அந்தப் பட்டியே 2023-இல் ஓய்வு பெற்றபோது எங்கே நின்றார்? 354 ஆட்டத்தில் 1,066. லாக்கெட்டைவிட 73 ஆட்டம் கூடுதல், 294 கோல் குறைவு!

ஏன் இப்படி? திறமை குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. லாக்கெட் காலத்தில் கோலுக்கு முன்னால் ஒரு ஃபுல் ஃபார்வர்டு, அவரைக் காவல் காக்க ஒரு தடுப்பாளர். இரண்டு பேருக்கும் நடுவே தனி மல்யுத்தம். நடுக்களத்தில் பந்து கிடைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அவரைப் பார்த்து உதைப்பார்கள். இப்போது பந்து கைமாறிய மறுவிநாடி பதினெட்டுப் பேரும் பின்வாங்கி வந்து வலை பின்னுகிறார்கள். லாக்கெட் இன்றைக்கு அங்கே போய் நின்றால் அவர்மேல் மூன்று பேர் தொங்குவார்கள். மாற்று ஆட்கள் பெஞ்சுக்கும் களத்துக்கும் பறந்துகொண்டே இருக்கிறார்கள். ஆட்டத்துக்கு 75 மாற்றங்கள்தாம் என்று 2021-இல் கடிவாளத்தை இறுக்க வேண்டியதாயிற்று. பயிற்சியாளர்களும் முழுக் கோலையும் ஒரே ஆள் தலையில் கட்டுவதில்லை. ஏழெட்டுப் பேர் பங்குபோட்டால்தான் எதிரணிக்குத் தலைவலி. 1982-இல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 112 பாயின்ட் எடுத்தது. இப்போது 80-ஐச் சுற்றித்தான் நிற்கிறது. குழம்பு குறைந்துபோன சட்டியில் ஒருத்தருக்கு மட்டும் அள்ளி ஊற்ற முடியுமா?

சரி, கணக்கு. ஒருவர் இருபது சீசன் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,360-ஐ இருபது சீசனால் வகுத்தால் பைசா பிசகாமல் 68 வருகிறது. 'இவ்வளவுதானா?' என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. உடனே கோல்மன் மெடல் பட்டியலை எடுத்தேன். நாடே கொண்டாடும் முதலிடத்துக்காரர்கள் போட்டது: 2018-இல் 65, 2019-இல் 67, கோவிட்டால் சுருங்கிய 2020-இல் 42, 2021-இல் 58, 2022-இல் 64, 2023-இல் 78, 2024-இல் 69, 2025-இல் 83. கூட்டினால் 526. எட்டு வருஷமும் ஒரே ஆள் முதலிடம் பிடித்திருந்தால்கூட இவ்வளவுதான்! இந்த வேகத்தில் இருபது வருஷம் தொடர்ந்து முதலிடம் பிடித்தால் 1,315. இன்னும் 45 பாக்கி! மெடல் கணக்கில் இறுதிச்சுற்று ஆட்டங்கள் சேராது. அதையும் சேர்த்தால் தட்டுத்தடுமாறித் தொடலாம். ஆனால் இருபது வருஷம் முழங்கால் கெடாமல், செங்கல் லாரி இடிக்காமல், ஒவ்வொரு வருஷமும் நாட்டிலேயே முதல்வனாக! யாரால் முடியும்?

அந்த 83-ஐப் போட்டவர் ஜெரிமி கேமரன். இப்போது எல்லோரும் கை நீட்டுவது இவரைத்தான். டார்ட்மூர் என்ற குட்டி ஊரிலிருந்து வந்தவர். பட்டி மாதிரியே இடதுகால். 2012-இல் லீக்குக்குப் புதிதாக வந்த கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணியில் 427 கோல், பிறகு ஜீலாங். ஓய்வு நேரத்தில் தேனீ வளர்க்கிறார்! 2025-இல் நார்த் மெல்பர்னுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 11 போட்டதும், 'இந்த வருஷம் நூறு விழும்' என்று நாடே துள்ளியது. இறுதிச்சுற்றையும் சேர்த்து 88-இல் நின்றது. இறுதிப் போட்டியில் சொந்த அணித் தோழருடனேயே மோதி முன்கை முறிந்தது. அந்தக் கையோடும் விடாமல் களத்தில் நின்றார். அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் பிடிப்பது வேறு, கணக்கு வேறு. 2025 முடிவில் அவர் 700-ஐத் தாண்டிவிட்டார். அப்போது இன்னும் 600-க்கு மேல் வேண்டியிருந்தது. வாழ்நாளின் உச்சமான அந்த 88-ஐ வருஷா வருஷம் போட்டாலே ஏழு வருஷமாவது ஆகும். 1993-இல் பிறந்தவர், அப்போது 40-ஐத் தொட்டுக்கொண்டிருப்பார். இரண்டு தடவை கோல்மன் மெடல் வாங்கிய சார்லி கர்னோ, லாக்கெட் ஆடிய அதே சிட்னிக்கு மாறியிருக்கிறார். பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் இன்னும் மலையடிவாரத்தில் நிற்கிறார்.

எனவே என் தீர்ப்பு: கேமரன் முறியடிக்க மாட்டார். இன்றைக்கு ஆடுகிற எவரும் முறியடிக்க மாட்டார். ஆட்டத்தின் விதிகளையே யாராவது தலைகீழாக மாற்றினால் ஒழிய 1,360 அப்படியே நிற்கும்.

நூறு வேறு விஷயம். அது நம் காலத்திலேயே மறுபடி விழலாம். ஏதாவது ஒரு ஆகஸ்ட் மாதத்தில், மெல்பர்னில் இருக்கும் உங்கள் மருமகன் போனில் 'மாமா, ஒருத்தர் 98-இல் நிற்கிறார்' என்று சொன்னால், வேறு வேலையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அந்த ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். கோல் விழுந்ததும் சேனலை மாற்றிவிடாதீர்கள். வேடிக்கையே அதற்கப்புறம்தான்.